வீட்டில் சொல்லாத கடன்

கர்நாடக மாநிலத்தில், கோலார் மாவட்டத்தில் ஓர் ஊர் இருக்கிறது. கோலார் தங்கவயல் என்று பெயர். அங்கே பூமிக்கு அடியில் தங்கம் எடுத்தார்கள். 1880-ஆம் ஆண்டில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி அங்கே வந்து வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து ஏழைத் தமிழ்க் குடும்பங்கள் பிழைப்புத் தேடிப் போயின. ஆந்திரப் பக்கத்திலிருந்தும் மக்கள் போனார்கள். இன்றும் அந்த ஊர்த் தெருக்களில் தமிழ் கேட்கிறது.

பெரிய சுரங்கம் அது. சாம்பியன் ரீஃப் என்ற இடத்தில் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் தோண்டினார்கள். 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. பெங்களூருக்குக்கூட 1905-இல்தான் மின்விளக்கு வந்தது. ஆனால் அந்த வெளிச்சத்தில் வேலை செய்தவர்களுக்குக் கிடைத்தது சின்னச் சின்ன லைன் வீடுகள்தான்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். எடுக்கிற தங்கத்தைவிட எடுக்கும் செலவு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். சயனைடு கலந்த மண்மேடுகள் மட்டும் மலை மலையாக நின்றுவிட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு போனது.

இன்று அந்த ஊருக்குச் சோறு போடுவது ரயில். விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்தில் ரயில் புறப்படுகிறது. சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று நின்று நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போகிறது.  கொத்தனார், காவலாளி, தையல் கம்பெனிப் பெண்கள், கடைச் சிப்பந்திகள் எல்லோரும் அதில் போகிறார்கள். இரவில்தான் திரும்புகிறார்கள்.

அந்த ரயிலில் போகிற ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவருக்குப் பெயர் வேண்டாம். அவர் ஒரே ஆள் இல்லை. அவரைப் போல எல்லா ஊரிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

வேலை போன நாள்

அவருக்கு வயது 42. அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இப்போது இல்லை. அம்மா, மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், பள்ளியில் படிக்கும் மகன். லைன் வீட்டில் குடியிருக்கிறார்கள். பெங்களூரில் ஒரு கம்பெனியில் அவருக்குக் காவலாளி வேலை. மாதம் 14,000 ரூபாய் சம்பளம்.

ஒரு நாள் காண்ட்ராக்டர் மாறினார். புதிய காண்ட்ராக்டர் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று இவரிடம் சொல்லிவிட்டார்கள்.

அன்று இரவு அவர் வீட்டுக்கு வந்தார். மனைவி சாப்பாடு போட்டார். "ஏங்க, முகம் ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்டார்.

"ரயில்ல கூட்டம். நின்னுக்கிட்டே வந்தேன்" என்றார் அவர்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாள் வழக்கம்போல விடியற்காலையில் எழுந்தார். மனைவி சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு எப்படிச் சொல்வது? ரயிலுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு தினமும் போனார். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்குவார். தெருத் தெருவாக வேலை கேட்பார். சில நாள் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். சில நாள் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டார். சாயங்கால ரயிலில் திரும்பினார்.

மாத முடிவில் சம்பளம் என்று 14,000 ரூபாய் கொடுக்க வேண்டுமே. மூட்டை தூக்கியதில் 6,000 ரூபாய் கிடைத்தது. மீதி 8,000 ரூபாயைப் பத்து வட்டிக்கு வாங்கினார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பத்து வட்டி என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 10 ரூபாய் வட்டி. கேட்கும்போது சின்னதாகத்தான் இருக்கிறது. ஒரு வருஷம் ஆனால் 100 ரூபாய்க்கு 120 ரூபாய் வட்டி. அசல் அப்படியே நிற்கும். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய கணக்கை நாமே போடுவோம்.

முதல் மாதம் கடன் 8,000 ரூபாய்.

இரண்டாம் மாதம் அதற்கு வட்டி 800 ரூபாய் கட்ட வேண்டும். வீட்டுக்கும் 8,000 ரூபாய் குறைகிறது. ஆக, 8,800 ரூபாய் புதிதாக வாங்கினார். மொத்தக் கடன் 16,800 ரூபாய்.

மூன்றாம் மாதம் வட்டி 1,680 ரூபாய். புதிய கடன் 9,680 ரூபாய். மொத்தம் 26,480 ரூபாய்.

நான்காம் மாதம் வட்டி 2,648 ரூபாய். புதிய கடன் 10,648 ரூபாய். மொத்தம் 37,128 ரூபாய்.

வீட்டுக்காக அவர் வாங்கியது நான்கு மாதத்தில் 32,000 ரூபாய்தான். மீதி 5,128 ரூபாய் வட்டி கட்டுவதற்காக வாங்கிய கடன். இப்படியே எட்டு மாதம் ஓட்டினால் எவ்வளவு ஆகும்? ஏறத்தாழ 91,500 ரூபாய் ஆகும். வேலை போனதால் வந்த நஷ்டம் ஒரு பங்கு. அதைச் சொல்லாமல் வைத்ததால் வந்த நஷ்டம் இன்னொரு பங்கு. முதலாவது அவர் கையில் இல்லை.

ஏன் சொல்லவில்லை?

அவர் குடிகாரர் இல்லை. சீட்டாடுபவர் இல்லை. மனைவியை அடிப்பவரும் இல்லை. வீட்டில் எல்லோரும் அவர்மேல் பிரியமாக இருக்கிறார்கள். பிறகு ஏன் சொல்லவில்லை?

கேட்டால், "அவ தாங்க மாட்டா" என்பார். பல ஆண்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையில் தாங்க முடியாதது வேறு. "இவ்வளவுதானா நீ" என்று வீட்டார் நினைத்துவிட்டால்? அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியாது. சுரங்கத்தில் இறங்கிச் சம்பாதித்த அப்பாவின் படம் சுவரில் தொங்குகிறது. அதன் கீழே உட்கார்ந்து "எனக்கு வேலை போச்சு" என்று சொல்ல நாக்கு எழவில்லை.

மனசைத் திறந்து சொல்வது ஒரு துணிச்சலான வேலை. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. கேட்பவர் அழலாம். திட்டலாம். நாலு பேரிடம் சொல்லிவிடலாம். இந்தப் பயமெல்லாம் பொய்ப் பயம் இல்லை. அதனால்தான் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைப்பதுதான் வேடிக்கை. அந்த மனைவிக்குத் தெரிந்தது. சட்டைத் தோளில் மூட்டைத் தூசி. காவலாளிச் சீருடை ஒரு மாதமாகத் துவைக்கப் போடவில்லை. ராத்திரி தூக்கம் இல்லை. ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை. தெரியாதபோது மனசு மோசமானதை எல்லாம் நினைக்கும். வேறு பெண்ணோ, ஏதாவது வியாதியோ என்று அவர் தனியாக உட்கார்ந்து பயந்தார்.

மனைவியிடமும் ஒரு ரகசியம் இருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தன் தோட்டை 10,000 ரூபாய்க்கு அடகு வைத்திருந்தார். அம்மா வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று கணவரிடம் சொல்லியிருந்தார். ஏற்கனவே கவலையில் இருக்கிறாரே, எதற்கு இதையும் சொல்வது என்று எண்ணம்.

ஒரே கூரை. ஒரே அடுப்பு. இரண்டு பேரும் மற்றவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தனித்தனியாக வட்டி கட்டினார்கள்.

பாறையைத் தட்டிய கம்பி

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவருடைய அம்மா வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மகன் பக்கத்தில் வந்து சும்மா உட்கார்ந்தார். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உங்க அப்பா கம்பியால பாறையைத் தட்டிப் பாக்கறதைப் பத்திச் சொல்லியிருக்காரா, கண்ணு?" என்று கேட்டார்.

"சொல்லியிருக்காரும்மா."

சுரங்க வேலையில் இது முக்கியமான பழக்கம். வெடி வைத்த பிறகு மேல்பாறை எப்படி இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நீளமான கம்பியால் தட்டுவார்கள். கணீர் என்று சத்தம் வந்தால் பாறை கெட்டி. பொத்தென்று வந்தால் உள்ளே பிடிப்பு விட்டிருக்கிறது. உடனே கூட இருப்பவர்களுக்குச் சொல்லி, எல்லோரும் ஒதுங்கி, அந்தக் கல்லைத் தள்ளிவிட வேண்டும். தங்கவயல் சுரங்கத்தில் ஆழம் அதிகம். அழுத்தம் தாங்காமல் பாறையே வெடித்துச் சிதறுவதும் உண்டு. அதில் பல பேர் செத்திருக்கிறார்கள்.

"பொத்துனு சத்தம் கேட்டவன் வாயை மூடிக்கிட்டா, அவன் மட்டுமா சாவான்? கூட நிக்கிறவனும்தானே சாவான்?" என்றார் அம்மா. "உனக்கு என்னமோ சத்தம் கேட்டிருக்கு. எனக்குச் சொல்ல வேணாம். அவகிட்டச் சொல்லு."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை அவர் சரியாகச் சொன்னார். கடனைச் சுமக்கப் போவது மனைவி. சமையல் செலவைக் குறைக்கப் போவது மனைவி. அவருக்குத் தெரியாமல் ஊரில் வேறு யாருக்குத் தெரிந்தும் பயன் இல்லை.

சொன்ன ராத்திரி

பிள்ளைகள் தூங்கிய பிறகு அவர் சொன்னார். முதலில் பாதிதான் சொன்னார். "கொஞ்சம் கடன் இருக்கு" என்றார்.

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"பத்தாயிரம் இருக்கும்."

இதுதான் பலர் செய்யும் காரியம். பாதியைச் சொல்லி ஆழம் பார்ப்பார்கள். மீதி அடுத்த மாதம் வெளியே வரும். அப்போது கேட்பவருக்கு இரண்டாவது அடி விழும். முதலில் சொன்னதும் பொய்யாகிவிடும். நல்ல வேளையாக இவர் அன்றே மனசு மாறினார். கொஞ்ச நேரம் கழித்து, "இல்லம்மா. முப்பத்தேழாயிரம். வேலை போய் நாலு மாசம் ஆச்சு" என்றார்.

மனைவி என்ன செய்தார்? சினிமாவில் வருகிற மாதிரி கண்ணீரைத் துடைத்துவிட்டு "நான் இருக்கேங்க" என்று சொல்லவில்லை. எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மறுநாள் பேசவில்லை. அதற்கு அடுத்த நாளும் பேசவில்லை. அவருக்குக் கோபம் கடனுக்காக இல்லை.

மூன்றாம் நாள் பேசினார். "நாலு மாசமா தினமும் டப்பா கட்டிக் குடுத்தேனே. என்னைப் பாத்தா உங்களுக்கு எப்படித் தெரியுது? அந்நியமாவா?"

அவரிடம் பதில் இல்லை. "பயமா இருந்துச்சும்மா" என்று மட்டும் சொன்னார்.

இந்த மூன்று நாளை அவர் பொறுத்துக்கொண்டார். திருப்பிக் கத்தவில்லை. "இதுக்குத்தான் சொல்லலை" என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் சொன்னதெல்லாம் வீண். உண்மையைச் சொன்னவருக்கு உடனே ஆறுதல் கிடைக்கும் என்று நிச்சயம் இல்லை. கேட்டவருக்கும் காயம் படுகிறது. அது ஆற நாள் கொடுக்க வேண்டும்.

பிறகு மனைவி தோட்டைப் பற்றிச் சொன்னார். அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுதுவிட்டார்.

நோட்டுப் புத்தகத்தில் ஏறிய கணக்கு

மனைவி இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரின் கடனையும் எழுதினார். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி. வாயால் சொல்லும்போது மலை போல இருந்தது. எழுதியபோது ஆறே வரி.

அவர் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவில் உறுப்பினர். குழுக்களை வங்கியோடு இணைத்துக் கடன் தரும் திட்டத்தை நபார்டு வங்கி 1992-இல் தொடங்கியது. இப்போது நாடு முழுவதும் இப்படிக் குழுக்கள் உண்டு. அவருடைய குழுவில் உறுப்பினருக்கு 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் வட்டி. குழுக் கூட்டத்தில் அவர் கடன் கேட்டார். எதற்கு என்று கேட்டார்கள். அங்கேயும் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. அவருக்கு அது கணவரிடம் பேசியதைவிடக் கஷ்டமாக இருந்தது. பத்துப் பதினைந்து பெண்கள். அதில் இரண்டு பேருக்கு வாய் நீளம். ஆனாலும் சொன்னார்.

கேட்டது 37,000 ரூபாய். கிடைத்தது 20,000 ரூபாய். குழுவில் அவ்வளவுதான் இருந்தது. அதைக் கொண்டுபோய்ப் பத்து வட்டிக் கடனில் கட்டினார்கள். அதுவரை மாத வட்டி ஏறத்தாழ 3,712 ரூபாய். இப்போது குழுவுக்கு 200 ரூபாய். மீதியுள்ள 17,128 ரூபாய்க்கு வட்டி 1,712 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,912 ரூபாய். மாதம் 1,800 ரூபாய் மிச்சம். கடன் தீரவில்லை. ஆனால் வளர்வது நின்றது. பிள்ளைகளிடமும் சொன்னார்கள். மகள் சாயங்காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். கணவர் ஊரிலேயே ஒரு கடையில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

அதிக வட்டி வாங்குவதைத் தடுக்கச் சட்டங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. கர்நாடகத்தில் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. சிறு கடன் வாங்கியவர்களை மிரட்டி வசூல் செய்வதற்கு எதிராகக் கர்நாடகத்தில் 2025-இல் தனியாகவும் ஒரு சட்டம் வந்தது. வீட்டு வாசலில் வந்து கத்தினால், பொருளை எடுத்துப் போனால், போலீசில் புகார் கொடுக்கலாம். கடனை வீட்டாருக்கே மறைக்கிறவர் போலீசுக்கு எப்படிப் போவார்? மிரட்டுபவர்களுக்கு அந்த ரகசியம்தான் பலம்.

கேட்பவரின் வேலை

சொல்வது பாதி. கேட்பது மீதி. நம் வீட்டில் ஒருவர் தயங்கித் தயங்கி எதையோ சொல்ல வருகிறார். அப்போது நாம் செய்யக் கூடாத சில காரியங்கள் உண்டு. "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லக் கூடாது. "பக்கத்து வீட்டுக்காரரைப் பாரு" என்று ஒப்பிடக் கூடாது. அடுத்த சண்டையில் அதை எடுத்துக் குத்திக் காட்டக் கூடாது. இது மூன்றிலும் கடைசிதான் மோசம். ஒரு முறை குத்திக் காட்டினால், அந்த ஆள் இனி நம்மிடம் எதையும் சொல்ல மாட்டார்.

கோபம் வந்தால் வரட்டும். "எனக்குக் கோபமா இருக்கு, நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லலாம். சொல்லிவிட்டு, மறுநாள் கட்டாயம் பேச வேண்டும். உடனே யோசனை சொல்லவும் வேண்டாம். முதலில் முழுவதையும் கேட்டாலே போதும்.

சில பேர் வேறு மாதிரி பேசுவார்கள். "நான் இல்லாட்டி நீங்க எல்லாம் நல்லா இருப்பீங்க" என்பார்கள். சாமான்களை மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். திடீரென்று எல்லோரிடமும் விடைபெறுவது போலப் பேசுவார்கள். இதைச் சும்மா சொல்கிறார் என்று விடக் கூடாது. "செத்துப் போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். அவரைத் தனியாக விடாதீர்கள். பூச்சி மருந்து போன்றவற்றை அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். டெலி மானஸ் என்ற பெயரில் மத்திய அரசு 2022-இல் தொடங்கிய உதவி இது. காசு கிடையாது. ராத்திரி பகல் எப்போதும் பேசலாம். தமிழிலும் பேசலாம். தற்கொலைக்கு முயன்றவரைப் போலீஸ் பிடிக்கும் என்று பயந்து பலர் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் உதவியும் தர வேண்டும் என்கிறது.

எல்லோரிடமும் சொல்லலாமா?

கூடாது. உறவு என்பதாலேயே ஒருவரை நம்பிவிட முடியாது. அடிக்கிற கணவரிடம் "உங்களுக்குத் தெரியாமல் 500 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன்" என்று ஒரு பெண் சொல்ல வேண்டுமா? வேண்டாம். அந்த 500 ரூபாய் அவருக்குப் பஸ் கட்டணமாக இருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டில் அவருக்கு நம்பிக்கையான ஆள் அக்காவாக இருக்கலாம், குழுத் தோழியாக இருக்கலாம், அங்கன்வாடி அம்மாவாக இருக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181. சட்ட உதவி எண் 15100. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தருகிறது.

ஆள் எப்படிப்பட்டவர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? மற்றவர் ரகசியத்தை அவர் நம்மிடம் சொல்கிறாரா என்று பாருங்கள். சொன்னால், நம் ரகசியமும் நாளை இன்னொரு வீட்டுக்குப் போகும். சின்ன விஷயம் ஒன்றை முதலில் சொல்லிப் பார்க்கலாம். அது ஊரைச் சுற்றி நம்மிடமே திரும்பி வருகிறதா என்று கவனிக்கலாம். மேல்பாறையை முதலில் கம்பியால்தானே தட்டிப் பார்க்கிறார்கள்?

வாய் வராவிட்டால் கை

சில விஷயங்களை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எழுதத் தெரிந்தவருக்கு இங்கே ஒரு வழி இருக்கிறது. முன்பெல்லாம் இன்னொருவரிடம் கடிதம் எழுதச் சொல்ல வேண்டும். மனசில் இருப்பதை அவர் முன்னால் சொல்ல வேண்டும். அதனால் பலர் "இங்கு எல்லோரும் நலம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். இப்போது நாமே எழுதலாம். நடுவில் யாரும் இல்லை. எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும்.

வெளியூரில் வேலை செய்யும் கணவருக்கு ஒரு பெண் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

"அன்புள்ள உங்களுக்கு,

இங்கே பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். நான் நன்றாக இல்லை. இரண்டு மாதமாக மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. வலி இல்லை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போகப் போகிறேன். தனியாகப் போகப் பயமாக இருப்பதால் அத்தையைக் கூட்டிப் போகிறேன். நீங்கள் வர முடிந்தால் வாருங்கள். முடியாவிட்டால் அன்று காலையில் போன் செய்யுங்கள். கோபப்பட வேண்டாம்."

கடிதம் சின்னதுதான். என்ன நடந்தது என்று இருக்கிறது. பயம் என்ற சொல் இருக்கிறது. என்ன உதவி வேண்டும் என்றும் இருக்கிறது. கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கஷ்டத்தை எல்லாம் கொட்டிவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் போவார்கள். கேட்டவர் திகைத்துப் போய் உட்கார்ந்திருப்பார். மார்பில் வலியில்லாத கட்டி என்றாலும் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை. புற்றாக இருந்தால், சீக்கிரம் கண்டுபிடித்தவர்களுக்குக் குணமாகும் வாய்ப்பு அதிகம்.

பேசிப் பார்க்க

தங்கவயல் மனைவி இரண்டு நாள் பேசாமல் இருந்தது சரியா? உங்கள் வகுப்பில் ஆண்கள் என்ன சொல்கிறார்கள், பெண்கள் என்ன சொல்கிறார்கள்?

கணவர் முதல் மாதமே சொல்லியிருந்தால் கடன் எவ்வளவு இருந்திருக்கும்?

மனைவி தோட்டை 100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு அடகு வைத்திருந்தால், 10,000 ரூபாய்க்கு ஆறு மாத வட்டி எவ்வளவு? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு நாலு வரிக் கடிதம் ஒன்று எழுதுங்கள். அதை வகுப்பில் படித்துக் காட்ட வேண்டாம்.